வெல்லப்படாதவன் யார்?

(தசலட்சணப் பெருவிழாவின் முதல் நாளாகிய உத்தம பொறை நாளன்று காரைக்காலில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பத்து அறங்களுள் முதலாவது உத்தம பொறை. அதுபற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். எனினும் நான் ஓர் ஆங்கிலச் சொல்லிலிருந்து தொடங்க விரும்புகிறேன். காலையில் அறநெறி வகுப்புக்கு வந்திருந்த பிள்ளைகளுள் ஒருவன் அணிந்திருந்த சட்டையின் மார்பில் 'இன்வின்சிபிள்' என்று பெரிய எழுத்துகளில் அச்சிட்டிருந்தது. பொருள் தெரியுமா என்று கேட்டேன். "யாராலும் தோற்கடிக்க முடியாதவன்" என்று உடனே விடை சொன்னான். அப்படியானால் நீ யாரிடமும் தோற்றதே இல்லையா என்று விளையாட்டாகக் கேட்டேன். அவன் முகம் வாடியது. பள்ளியில் உடன் படிக்கும் ஒருவன், "நீங்கள்தானே வாதத்தில் தோற்றுக் கழுவேறியவர்கள்?" என்று கேட்பதாகவும், அவனுக்கு மட்டும் என்ன விடை சொல்வதென்று தெரியவில்லை என்றும் கூறினான்.

அந்தப் பிள்ளைக்கு அப்போது நான் விடை சொல்லவில்லை. மாலையில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஆகவே இன்றைய உரை அவனுக்குத் தரவேண்டிய கடன். பெரியோர்கள் உடனிருந்து கேட்பீர்களாக.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இலத்தீன் மொழியில் 'வின்கெரே' என்றால் வெல்லுதல். அதன் முன் எதிர்மறையும், பின் இயலுமை காட்டும் விகுதியும் சேர, 'வெல்லப்பட இயலாத' என்னும் பொருள் பிறந்தது. பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. இவ்வூர்ப் பெரியவர்களுள் பிரெஞ்சு பயின்றோர், அதே எழுத்துகளால் ஆன அதே சொல்லை வேறு ஒலிப்பில் அறிவார்கள். இதற்கு நெருங்கிய இன்னொரு சொல்லும் ஆங்கிலத்தில் உண்டு. 'இதுவரை தோற்காத' என்பது அதன் பொருள். இரண்டையும் ஒன்றாகக் கொள்ளலாகாது. ஆடிய ஆட்டங்களில் எல்லாம் வென்ற ஓர் அணியை இதுவரை தோற்காத அணி எனலாம். அது நடந்ததைக் கூறுதல். 'இன்வின்சிபிள்' என்பதோ இனி நடக்கப்போவதற்கும் உறுதி கூறுகிறது. நாளையும் தோற்கமாட்டேன், எவரிடமும் தோற்கமாட்டேன் என்கிறது. அவ்வுறுதியை அளிக்கத் தக்கவர் யார் என்பதே நம் வினா.

உலகம் இப்பெயரைப் பலமுறை கப்பல்களுக்கு இட்டிருக்கிறது. கடற்கரையில் வாழும் நமக்கு அவ்வரலாறு பயன்படும். பிரெஞ்சுக்காரர்கள் 1744-இல் 74 பீரங்கிகள் கொண்ட ஒரு போர்க்கப்பலை நீரில் இறக்கி, இந்தச் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, கிழக்கிந்தியத் திசைக்குச் செல்லும் வணிகக் கப்பல்களும் அடங்கிய கூட்டத்துக்குக் காவலாகப் போகையில், 1747 மே மாதத்தில் ஆங்கிலேயரிடம் அது பிடிபட்டது. பிடித்தவர்கள் பெயரை மாற்றவில்லை. வெல்லப்பட இயலாதது என்ற பெயரோடே, வெல்லப்பட்ட அக்கப்பல் ஆங்கிலக் கடற்படையில் பணிபுரிந்தது. 1758-இல் இங்கிலாந்தின் தென்கரைக்கு அருகே மணல்திட்டில் மோதி மூழ்கியது. அதே பெயர் கொண்ட இன்னொரு கப்பல் 1801-இல் நார்போக் கரைக்கு அப்பால் மூழ்கி, நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே பெயரில் கட்டப்பட்ட மற்றொன்று, 1916 மே 31 அன்று ஜட்லாந்து கடற்போரில் வெடித்துச் சிதறியது. அதில் இருந்தோருள் 1,026 பேர் இறந்தனர். உயிர் பிழைத்தவர் 6 பேர். அம்மனிதர்களை எண்ணி இரங்குவதே நமக்கு முறை. பெயரை இட்டவர்களின் நம்பிக்கை மட்டும் மூன்று முறையும் பொய்த்தது.

நம் காரைக்காலையே எண்ணிப் பாருங்கள். தஞ்சை மன்னரிடமிருந்து 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் இவ்வூரைப் பெற்றார்கள். 1760-இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். உடன்படிக்கையால் அது திரும்பியது. பின்னும் இருமுறை கைமாறி, 1817-இல் மீண்டும் பிரெஞ்சுக் கொடியின் கீழ் வந்தது. 1954 நவம்பர் முதல் நாள் இந்தியாவோடு சேர்ந்தது. இந்தக் கரையில் ஏறிய கொடிகள் எல்லாம் என்றும் இறங்காதவை என்று எண்ணியே ஏற்றப்பட்டிருக்கும். புறத்தே பெறும் வெற்றிக்கு எல்லை உண்டு என்பதற்கு நாம் வேறெங்கும் சான்று தேட வேண்டுவதில்லை.

இனி நம் மரபில் இதற்கு நேரான சொற்கள் எவை? தமிழில் 'தோலாமை' என்பர். தோற்றல் இல்லாமை என்பது அதன் பொருள். சூளாமணி பாடிய சமணப் பெருங்கவிஞர் தோலாமொழித்தேவர் என்றே அறியப்படுகிறார். வெல்லப்படாத மொழியை உடையவர் என்று பொருள்படும். அந்நூல் திவிட்டனின் வீரத்தையும் போரையும் விரித்துரைக்கிறது. ஆனால் போரின் வெற்றியோடு அது முடிவதில்லை. திவிட்டனின் தந்தை பயாபதி மன்னன் அரசு துறந்து முத்தி பெறுவதோடுதான் நிறைவெய்துகிறது. எந்த வெற்றியைக் கடைசியில் வைக்க வேண்டும் என்பதைத் தோலாமொழியார் தெரிந்தே வைத்தார் எனலாம்.

வடமொழியில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று அஜிதன். இரண்டாம் தீர்த்தங்கரரின் திருநாமம் அது. யானை அவருடைய இலாஞ்சனம். அவருடைய தந்தையின் பெயர் ஜிதசத்துரு, பகைவரை வென்றவன். தந்தை வென்றது புறப்பகையை. மகன் வென்றதோ அகப்பகையை. ஆதலால் மகனே தீர்த்தங்கரர் ஆனார். மற்றொரு சொல் அபராஜிதம். மேலுலகில் உள்ள ஐந்து அனுத்தர விமானங்களுள் நான்காவது அது. வெல்லப்படாதது என்று பெயர் பெற்ற அவ்வுலகில் பிறந்த தேவர்க்கும் ஆயுள் உச்சமாக 33 சாகரோபமம். அது முடிந்தபின் அவர் மனிதராய்ப் பிறந்து தவம் செய்தே வீடு பெற வேண்டும். கப்பலின் பெயர் கப்பலைக் காக்காதது போலவே, விமானத்தின் பெயரும் பிறவியைத் தடுப்பதில்லை.

ஆகவேதான் நம் முன்னோர் எதிர்மறைச் சொல்லோடு நின்றுவிடாமல் ஒரு நேர்ச்சொல்லைத் தேர்ந்தார்கள். அதுவே ஜினன். வென்றவன் என்பது பொருள். நம் சமயத்தின் பெயரே அச்சொல்லிலிருந்து வந்தது. 'இன்வின்சிபிள்' என்பவன் தன் முன்னே ஓர் எதிரியை எப்போதும் நிறுத்தி வைத்திருக்கிறான். எதிரி இல்லையேல் அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை. ஜினனுக்கு எதிரே வேறொருவர் இல்லை. அவர் வென்றவை கோபம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்கள். அவ்வெற்றியால் தோற்றவர் எவரும் இல்லை. அழுதவர் எவரும் இல்லை. ஒருவர் வெல்ல, எவரும் தோலாத போர் இது ஒன்றே.

இதை விளக்கப் பாகுபலியின் சரிதையைக் காட்டிலும் சிறந்தது இல்லை. உலகெலாம் வென்று திரும்பிய பரதன், தம்பி மட்டும் பணியவில்லை என்று வந்தான். படைகள் மடிய வேண்டா என்று அமைச்சர் வேண்ட, அண்ணனும் தம்பியும் தாமே பொருதனர். கண்ணிமையாது நோக்கும் போரிலும், நீர்ப்போரிலும், மற்போரிலும் பாகுபலியே வென்றார். சினந்த பரதன் ஏவிய சக்கரம் அவரைச் சுற்றி வந்து, தீங்கு செய்யாமல் நின்றது. அந்தக் கணத்தில் அவரைவிட 'இன்வின்சிபிள்' என்று சொல்லத்தக்கவர் யார்? ஆயினும் அவர் அந்த வெற்றியை ஏற்கவில்லை. அரசைத் துறந்து ஓராண்டு நின்ற நிலையில் தவம் செய்தார். கால்களில் கொடி படர்ந்தது. கழுகுமலைப் பாறையில் அக்கொடிகளோடும், அருகே நிற்கும் தங்கையரோடும் அவரைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

அத்தனை தவத்துக்குப் பின்னும் கேவல ஞானம் ஏன் வரவில்லை? தன்னால் அண்ணன் துன்புற்றானே என்ற எண்ணம் உள்ளத்தில் முள்ளாகக் கிடந்தது என்று ஆதிபுராணம் கூறுகிறது. பரதன் வந்து வணங்கியபின் அம்முள் நீங்கியது; ஞானம் பிறந்தது. போர்களில் வென்றவருக்கும் இறுதி வெற்றி, அண்ணன் தம்பியரிடையே இருந்த மனத்தாங்கல் தீர்ந்த பிறகே கிட்டியது. நிலத்துக்காகவும் வீட்டுக்காகவும் உடன்பிறந்தாரோடு வழக்காடும் குடும்பங்கள் இதை நினைவிற் கொள்ள வேண்டும். தீர்ப்பு நமக்குச் சாதகமாக வரலாம். முள் மட்டும் உள்ளே இருக்கும்.

இப்போது அந்தச் சிறுவனின் வினாவுக்கு வருகிறேன். இவ்வூரில் நின்று பேசுகிறவன் அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. இங்கிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டரில் இருக்கிறது திருநள்ளாறு. மதுரையில் சமணரோடு நிகழ்ந்த அனல் வாதத்தில், திருஞானசம்பந்தர் நெருப்பில் இட்ட ஏடு எரியாமல் பசுமையாக இருந்தது என்றும், அந்த ஏட்டில் இருந்தது திருநள்ளாற்றுப் பதிகம் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. அதனால் அதைப் பச்சைப் பதிகம் என்று சைவ அன்பர்கள் போற்றுகிறார்கள். அடுத்து வைகையில் புனல் வாதம். அதன்பின் எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்பது கதை. நாம் தோற்றோம் என்று சொல்லும் கதையின் ஏடு நம் அண்டை ஊருக்கு உரியது. நம் பிள்ளைகள் அதைக் கேட்காமல் வளர இயலாது.

செய்தியைச் செய்தியாகச் சொல்கிறேன். சம்பந்தர் வாழ்ந்தது ஏழாம் நூற்றாண்டு. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது பன்னிரண்டாம் நூற்றாண்டு. கழுவேற்றத்தைக் கூறும் அக்காலக் கல்வெட்டு எதுவும் காணோம். மாறாக, மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியை ஒட்டிய சமணர் மலையில் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. சித்தன்னவாசல் குகைக்கோயிலை மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் ஒன்பதாம் நூற்றாண்டில் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. கழுகுமலையில் குரத்தியர் என்னும் பெண் ஆசிரியர்களும் இருந்து அறம் போதித்தனர். பாண்டிய நாட்டில் நம் அறம் அற்றுப்போகவில்லை.

ஆனால் அன்பர்களே, இதை நான் சொல்வது வழக்கில் வெல்வதற்காக அன்று. இந்தச் சான்றுகளை எடுத்துக்கொண்டுபோய் அண்டை வீட்டாரை மடக்குவோமானால், கல்வெட்டு நம்மிடம் இருக்கும்; பொறை நம்மிடம் இராது. வாதில் வென்ற கதைகள் நம்மிடமும் உண்டு என்பதை மறக்கலாகாது. குண்டலகேசி என்னும் பௌத்த நூலுக்கு மறுப்பாக எழுந்தது நம் நீலகேசி. அதில் நீலகேசி பௌத்த ஆசிரியர்களையும் பிற சமயத்தாரையும் வரிசையாக வெல்கிறாள். இன்று குண்டலகேசி முழு நூலாகக் கிடைக்கவில்லை; எஞ்சியவை சில பாடல்களே. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றைத் தமிழ் இழந்தது. அதற்காக நாம் மகிழ முடியுமா? நம்மை எவரேனும் தோற்றவர் என்று சொல்லும்போது எழும் வலி, ஒரு காலத்தில் பௌத்தக் குடும்பங்களிலும் இருந்திருக்கும். அநேகாந்தம் கற்ற நாம் அந்தப் பக்கத்தையும் காண வேண்டும்.

தோலாத மொழி என்பது எதிரியின் வாயை அடைக்கும் மொழி அன்று என்பதை நம் முன்னோர் செயலால் காட்டினார்கள். பவணந்தி முனிவர் நன்னூலைச் செய்தார். அமிதசாகரர் யாப்பருங்கலக் காரிகையைச் செய்தார். மண்டலபுருடர் சூடாமணி நிகண்டைச் செய்தார். இவை சமணர்க்கு மட்டும் என்று எழுதப்படவில்லை. நன்னூலுக்கு விருத்தியுரை கண்ட சங்கரநமச்சிவாயர் சைவர். அதைத் திருத்தியமைத்தவர், நம் காவிரிக்கரையில் உள்ள திருவாவடுதுறை ஆதீனத்தின் சிவஞான முனிவர். வாதத்தில் சமணரை வென்றதாகப் பாடும் மரபினரே, சமண முனிவரின் நூலை வைத்துத் தம் மாணவர்க்குத் தமிழ் கற்பித்தார்கள். இங்கே யார் தோற்றார், யார் வென்றார்? தமிழ் வளர்ந்தது என்பதே விடை.

இன்னொரு நிகழ்ச்சியும் நம் வட்டாரத்ததே. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், 1880-இல் சேலம் இராமசுவாமி முதலியார் தூண்டிய பிறகு சீவக சிந்தாமணியைக் கற்க முற்பட்டார். சைவ மடத்தில் பயின்ற அவர்க்குச் சமண நுட்பங்கள் விளங்கவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணக் குடும்பங்களை நாடிப் போனார். சந்திரநாத செட்டியார் முதலியோர் அவரை வரவேற்று, ஐயங்களை நீக்கினர். அவர் நம் சமயத்தைத் தோற்கடித்த மரபினர் ஆயிற்றே என்று அவர்கள் கதவை அடைத்திருந்தால் என்னவாகியிருக்கும்? 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. திருத்தக்கதேவரின் காப்பியம் இன்று உலகத் தமிழர் கையில் இருப்பதற்கு ஐயரவர்களின் உழைப்பும், அந்தச் சாவகரின் திறந்த கதவும் சேர்ந்தே காரணம்.

தம்பி, இப்போது உன் விடை. நம் முனிவர்கள் வெல்ல வேண்டிய பரீஷகங்கள் 22 என்று கூறுவர். பசி, தாகம், குளிர், வெயில் என்று வரும் அந்த வரிசையில் ஆக்குரோசம் என்று ஒன்று உண்டு. பிறர் இகழ்ந்து பேசுவதைக் கலங்காது தாங்குதல் அது. அப்படித் தாங்குவதற்குப் பரீஷக ஜயம் என்று பெயர். ஜயம் என்பது வெற்றி. வாய் திறக்க முடியாமல் அழுதுகொண்டு போவது அன்று; அது தோல்வி. அவனை வெறுத்துக்கொண்டு பல்லைக் கடித்திருப்பதும் அன்று. அதுவும் தோல்வியே, கோபத்திடம் அடைந்த தோல்வி. உண்மை உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை உரத்த குரல் இல்லாமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சொன்ன பின் அவனோடு சேர்ந்து விளையாடவும் முடிய வேண்டும். "அது ஒரு பழைய கதை. எங்கள் கதைகளும் உண்டு. நீ படிக்கும் நன்னூல் எங்கள் முனிவர் எழுதியது. ஒருநாள் எங்கள் கோயிலுக்கு வா, காட்டுகிறேன்" என்று அவனை அழை. அவன் வராவிட்டாலும் நீ தோற்கவில்லை. அவன் மீண்டும் கேலி செய்தாலும், உன் உள்ளத்தில் வெறுப்பு எழாதவரையில் நீ தோற்கவில்லை. வெறுப்பு எழுந்துவிட்டால், அதைக் கண்டறிந்து மறுநாள் மீண்டும் முயல்வாயாக. பாகுபலிக்கே ஓராண்டு ஆயிற்று.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைத் தேர்வுகளிலும் போட்டிகளிலும் முதலிடம் பெறச் சொல்லி ஊக்குவிக்கிறோம், தவறில்லை. ஆனால் தோற்று வீடு திரும்பும் நாளில் அவர்களிடம் நாம் என்ன சொல்கிறோம்? வெல்லப்பட முடியாதவனாக இரு என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை, முதல் தோல்வியில் ஒடிந்து போகிறான். வென்றாலும் செருக்காதே, தோற்றாலும் வெறுக்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு இரண்டு நாள்களும் ஒன்றே.

காவிரிக் கழிமுகத்தில் நாம் சில குடும்பங்களே எஞ்சியிருக்கிறோம். தீபங்குடியிலும் மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் தஞ்சையிலும் நம் கோயில்களில் விளக்கு எரிகிறது. எண்ணிக்கை குறைந்தது தோல்விதானே என்று சிலர் வருந்துகிறார்கள். வருத்தம் நியாயமானதே, பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்து வருவதும், நூல்களை வாசிக்கக் கற்பிப்பதும் நம் கடமையே. எனினும் ஜினன் என்ற சொல் எண்ணிக்கையைக் குறிப்பதன்று. ஒரே ஒருவர் தம் கோபத்தை வென்றாலும், அந்த வீட்டில் ஜின தருமம் வென்றிருக்கிறது.

இப்பெருவிழாவின் முடிவில் நாம் ஒருவரையொருவர் கண்டு, பொறுத்தேன், பொறுத்தருள்க என்று சொல்லிக்கொள்வோம். இவ்வாண்டு அதை நம்மவரோடு நிறுத்திவிட வேண்டா. அண்டை வீட்டாரிடமும், பழைய மனத்தாங்கல் உள்ள உறவினரிடமும் சென்று சொல்வோம். சிறுவன் அந்தச் சட்டையைக் கழற்ற வேண்டியதில்லை. அதில் எழுதியிருப்பதன் பொருள் மட்டும் அவனுக்கு இனி வேறாக இருக்கட்டும்.

எல்லா உயிர்களும் இன்புறுக. அறம் வளர்க. ஜெய ஜினேந்திரா.